மடிப் பயிறு

"சூடா இருக்கறப்பவே சாப்புடுங்க மாமா. ஆறிப்போனா இறுகிடும்."

"வைம்மா. அப்புறமா பாத்துக்கறேன்."

மல்லாட்டை உருண்டை, நீங்கள் கடலை உருண்டை என்பீர்களே, அது சூட்டோடு சாப்பிடுகிற பண்டமே இல்லை, மேடம். ஆறி இறுகினால்தான் அதற்கு ருசி. அது எனக்கும் தெரியும், என் மாமனாருக்கும் தெரியும். அவர் அதை வாயில் போடுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் சொல்வேன். அவர் தினமும் அதே வார்த்தையைத்தான் சொல்வார். வைம்மா. கூழைக் கும்பிடு போட்ட ஒருத்தியின் மகளை "அம்மா" போட்டுக் கூப்பிடுகிறாரே, அதில் கொஞ்சம் பிரியம் இருக்கிறது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் அது என் அம்மாதான்.

அம்மா பெயர் தைலம்மாள். திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் பக்கம் போகிற ரோட்டில் பெரியதம்பி முதலாளியின் மல்லாட்டைக் கிடங்கு இருக்கிறதே, அங்கே பயிறு பொறுக்கினாள். அந்தப் பெரியதம்பி முதலாளிதான் பிற்பாடு எனக்கு மாமனார் ஆனார். ஓடு உடைத்து வருகிற பருப்பைத்தான் பயிறு என்போம். அதை முறத்தில் பரப்பிக்கொண்டு, சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பூசணம் ஏறியது எல்லாவற்றையும் விரலால் ஒதுக்க வேண்டும். நல்ல பயிறு மூட்டையாகிக் கப்பலேறும். ஒதுக்கிய சொத்தையைச் சாயங்காலம் மேஸ்திரி பெண்களின் மடியில் உழக்கால் அளந்து போடுவார். அது கூலியில் சேராது, முதலாளியின் தர்மம். மடிப் பயிறு என்று அதற்குப் பெயர். மடி என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அப்பா இல்லாத வீட்டில் நானும் அம்மாவும் அந்தப் பயிற்றில்தான் வயிறு நிறைத்தோம். சொத்தை கசக்கும். வறுத்தால் கசப்பு குறையும், வெல்லம் போட்டால் மறைந்துவிடும். எனக்குக் கசப்பு ஆகாது என்று அம்மா மடியில் வந்ததை வீட்டில் மறுபடியும் பொறுக்குவாள். அதில் தேறியது எனக்கு உருண்டையாகும். தேறாதது அவளுக்கு உருண்டையாகும். எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு கிண்ணம் இருக்கும்.

1993-இல் அம்மாவுக்குக் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். வயிறு வீங்கின பிறகு விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். ஈரல் போய்விட்டது என்றவர், "இந்தம்மா குடிக்குமா?" என்று கேட்டார். சாராய வாடை வந்தாலே முந்தானையால் மூக்கைப் பொத்துகிறவள் என் அம்மா. பதில் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை. குடிகாரி என்ற பெயரோடு திரும்பி வந்து, அந்த ஆடியிலேயே போய்ச் சேர்ந்தாள்.

என்னை வளர்த்தது முனியம்மாள். கிடங்கில் அம்மாவுக்குப் பக்கத்து முறம் அவருடையது. நான் பெரிம்மா என்று கூப்பிடுவேன். அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள் நான் கிடங்குக்கு வேலைக்குப் போனேன். பெரிம்மா முறத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"உங்கம்மா எடத்துல வந்து குந்தின, காலை ஒடிச்சி அடுப்புல வெச்சிடுவேன். போடி வேணி, பள்ளிக்கூடத்துக்கு."

போனேன். பள்ளிக்கூடம், கல்லூரி, பாண்டிச்சேரியில் எம்.எஸ்ஸி. படிக்க வைத்தது உபகாரச் சம்பளம் என்று சான்றிதழ்கள் சொல்லும். பெரிம்மா முறத்தை விட்டு எழுந்திருக்காததால்தான் படித்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவர்மேல் எனக்குக் கடுகளவும் கோபம் இருந்ததில்லை.

திண்டிவனத்தில் ஒரு தனியார் லேபில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்குப் போகிற மல்லாட்டை, மக்காச்சோளம், மிளகாயை எல்லாம் சோதித்துச் சான்று கொடுக்கிற இடம். பூசணத்தில் விஷம் சுரப்பதும் உண்டு, சாதுவானதும் உண்டு. இரண்டும் ஒரே பச்சை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் ஒன்றையொன்று போல இருக்கும். அதனால் பயிற்றை அரைத்துப் பூசணத்தின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்போம். விஷம் செய்யத் தெரிந்த மரபணு அதில் இருந்தால், பி.சி.ஆர். மெஷின் அதை மட்டும் தேடிப் பிடித்துக் கோடிக்கணக்கில் பிரதி எடுத்துவிடும். பிறகு ஜெல்லில் ஓட்டி விளக்கைப் போட்டால் ஒரு கோடு மின்னும். மரபணு இல்லையென்றால் வெறும் இருட்டு.

வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்றை மறக்காமல் சொல்வேன். கோடு விழுந்தால் அந்தப் பூசணத்துக்கு விஷம் செய்யத் தெரியும் என்றுதான் அர்த்தம். செய்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்கு வேறு சோதனை வேண்டும். மழை பொய்க்க வேண்டும், காய்ந்த மூட்டை நனைய வேண்டும், பூச்சி கடிக்க வேண்டும். ஏதாவது ஒன்று அதைச் சீண்டுகிற வரைக்கும் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்.

ராஜசேகரை அந்த லேபில்தான் பார்த்தேன். முதலாளியின் ஒரே மகன். சாம்பிள் கொண்டுவருவார். கொண்டுவருவதெல்லாம் முத்து முத்தான பயிறாக இருக்கும்.

"இது சாம்பிள் இல்லீங்க, சீர்வரிசை" என்றேன் ஒருநாள்.

"நல்லதா பாத்து எடுத்துக்கினு வந்தேங்க."

"பொண்ணு காட்டறதுக்கா கொண்டாறீங்க? மூட்டைக்கு அடியில, நடுவுல, மூலையில, எல்லா எடத்துலயும் குத்தி எடுக்கணும். இருக்கறது இருக்கறபடி வரணும்."

"எனக்கு மண்டையில ஏற மாட்டேங்குதுங்க. தெனமும் வந்து கத்துக்கறேனே."

வந்தார். கடைசிவரை சரியாக எடுக்கத் தெரியவில்லை. வேண்டுமென்றேதான் தப்பாக எடுக்கிறார் என்று லேபே சிரித்தது. அவர் நல்லவர், மேடம். நான் தைலம்மாள் மகள் என்று சொன்னபோது, "அதனால இன்னா?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். 2007-இல் கல்யாணம். மாமனார் மறுப்பே சொல்லவில்லை. "படிச்ச பொண்ணு. லேபு நம்ம ஊட்டுலயே இருந்த மாதிரி ஆச்சு" என்று மட்டும் சொன்னாராம். அதையும் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொண்டேன்.

பெரிம்மாவுக்குக் கண் மங்கிப் பொறுக்க முடியாமல் போனதால் அந்த வீட்டில் சாணி அள்ளி, வாசல் பெருக்கி, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். நான் மருமகளாகப் போன வீட்டில் அவர் வேலைக்காரி. மற்றவர்கள் எதிரில் நானும் மாமியாரைப் போல "முனியம்மா" என்றே கூப்பிடப் பழகிக்கொண்டேன். அவரே கண்ணைக் காட்டி அப்படிக் கூப்பிடச் சொன்னார்.

சமையல்கட்டு மாமியாருடையது. அடுப்பு எனக்குக் கிடைப்பது லேபிலிருந்து திரும்பின பிறகு, சாயங்காலம் மட்டும். மாமாவுக்கு மல்லாட்டை உருண்டை என்றால் உயிர் என்று ராஜசேகர் சொல்லியிருந்தார். நல்ல பயிறாக எடுத்து, மண்டை வெல்லத்தில் பாகு வைத்துப் பிடித்துக் கொடுத்தேன். வைம்மா என்றார். காலையில் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. தினமும் செய்ய ஆரம்பித்தேன்.

2009-இல் எங்கள் சரக்கு ஒன்று வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தது. விஷம் அளவுக்கு மேல் இருந்ததாம். மாமா கிடங்கில் பெண்களைக் கூடுதலாகச் சேர்த்து, ஒன்றுக்கு இரண்டு முறை பொறுக்க வைத்தார். அடுத்த சரக்கு சுத்தமாகத் தேறியது. அந்த மாதம் மடிப் பயிறு உழக்குக்குப் பதில் படியாக விழுந்தது. "மொதலாளி மனசு இளகிக்கினாரு" என்று பெண்கள் வாழ்த்திக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. மூட்டையிலிருந்து போன விஷம் எங்கே போயிருக்கும்? யாரும் கேட்காமலே மடிப் பயிற்றில் கொஞ்சம் எடுத்து லேபில் ஓட்டினேன். அப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை. விளக்குத் திரி மாதிரி எரிந்தது. விஷத்தின் அளவைப் பார்க்கிற அடுத்த சோதனையில் மெஷினின் உச்சத்தையே தாண்டிப் போனது. நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அம்மா குடிகாரி இல்லை என்பதற்கு விஞ்ஞானப்பூர்வமான ஆதாரம் என் கையில் இருந்தது.

அன்று மாமா கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஈரலைத் தின்றுவிடும் என்பதையும் சொன்னேன்.

"கப்பலுக்குப் போறதுல இல்லியே?"

"இல்ல மாமா. அதுல சுத்தமா இல்ல. எல்லாம் மடிப் பயித்துலதான் இருக்குது. இனிமே அதைக் குடுக்கறதை நிறுத்திடணும்."

"நிறுத்தினா ஒருத்தி வேலைக்கு வர மாட்டாம்மா. அதுக்குத்தானே வந்துகினு இருக்கறாளுங்க." வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார். "எங்கப்பா காலத்துலேர்ந்து துன்னுகினுதான் கீறாளுங்க. யாரு செத்தா?"

அவர் என்னைச் சீண்டுவதற்காகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், ஒருவேளை இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அவருக்கு நிஜமாகவே ஞாபகமில்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அவருக்கு எதிரிலேயே, அவர் வீட்டுத் தாலியைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தது. அவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார்.

கோடு என்னிடம் 1993-லிருந்தே இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். யாரு செத்தா என்ற இந்த இரண்டு சொல்தான் அதைச் சீண்டியது.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டிலும் இரண்டு கிண்ணமானது. ராஜசேகருக்கும் மாமியாருக்கும் நல்ல பயிற்றில் பிடித்தேன். மாமாவுக்கு மடிப் பயிறு. அதையும் மறுபடி பொறுக்கினேன், அம்மாவைப் போலவே. தேறாததை மட்டும் எடுத்துக்கொண்டேன். எந்த மருமகளும் மாமனாருக்கு அவ்வளவு அக்கறையாகப் பயிறு பார்த்து எடுத்திருக்க மாட்டாள். வெளியிலிருந்து எதையும் நான் வாங்கவில்லை, மேடம். அவர் கிடங்கு, அவர் பயிறு, அவர் தர்மம். அவர் கொடுத்ததை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். கிடங்கிலிருந்து மடிப் பயிறு கொண்டுவரும்போது ராஜசேகர் பார்த்துக் கேட்டார். லேபுக்கு என்றேன்.

அந்தப் பெண்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று நேற்றே கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருந்தால் மடிப் பயிறு வாங்குவதை நிறுத்தியிருப்பார்கள். சொத்தையெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும். அப்புறம் எனக்குப் பயிறு எங்கிருந்து வரும்? மாமாவோடு சேர்ந்து அந்த வழக்கமும் ஒழிந்துவிடும், கொஞ்ச நாள் பொறுத்தால் போதும் என்று இருந்தேன். இதில் எங்கே தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் மேல்மலையனூர் போய், விடிய விடியக் கூட்டத்தில் நின்று, அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டு வெயிலில் சிவந்து திரும்பி வந்தார். கிண்ணம் மட்டும் நாள் தவறாமல் காலியாகிக் கவிழ்ந்திருந்தது. அது நின்று கொல்கிற விஷம் என்று எனக்குத் தெரியும். பொறுத்தேன். இரண்டு வருஷம் தாண்டிய பிறகு ஒன்றுக்கு இரண்டு உருண்டையாக வைத்தேன்.

2012 பொங்கல் கழித்து ஒருநாள், லேபிலிருந்து சீக்கிரம் திரும்பி, கொல்லைப்பக்கம் கால் கழுவப் போனேன். மாட்டுக் கொட்டகையில் பெரிம்மா குந்தியிருந்தார். மடியை அவிழ்த்து எதையோ எடுத்தார். உருண்டை.

"ஏது பெரிம்மா இது?"

"ஐயா குடுத்தாருடி."

"இன்னிக்கா?"

"தெனந்தான். நீ கலியாணமாயி வந்து மொத மொத வெச்சியே, அன்னிலேர்ந்து. இப்ப ரெண்டு ரெண்டா குடுக்கறாரு. முன்ன மாதிரி இல்ல கண்ணு, வரவர லேசா கசக்குது. உன் கைப் பக்குவம்னு துன்னுடறது."

"அவரு சாப்புடறதே இல்லியா?"

பெரிம்மா சிரித்தார். அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். சாமந்திப்பூ நிறத்தில் இருந்தது.

"போ கண்ணு, வெவரம் புரியாத பொண்ணு. தைலம்மா மவ கையால அவரு எப்பிடி துன்னுவாரு? ஊட்டுல சேத்ததே பெருசு. நீ மனசு ஒடஞ்சி பூடுவேன்னுதான் கிண்ணத்தைக் கழுவிக் கமுத்துவேன்."

நீங்கள் மறைக்காமல் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. பெரிம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டும் முதலில் வந்தது அவமானம். ஐந்து வருஷம். நான் வைத்த நல்ல உருண்டையையும் அவர் தொடவில்லை, விஷ உருண்டையையும் தொடவில்லை. இரண்டும் அவருக்கு ஒன்றுதான். இரண்டுமே தைலம்மாள் மகள் தொட்டது. என் அம்மா பொறுக்கிய பயிற்றை விற்றுக் கட்டிய வீட்டில், என் கை மட்டும் அவருக்கு ஆகவில்லை. அவர் ஒதுக்கிய சொத்தை எந்த வீட்டிலும் எந்த நாளிலும் மடிக்குத்தான் போகும் என்பது, அந்த மடியிலேயே வளர்ந்த எனக்குத் தோன்றாமல் போயிற்று.

மறுநாள் சாயங்காலமும் உருண்டை பிடித்தேன்.

நிறுத்தியிருந்தால் அவர் ஜெயித்ததாகிவிடும், மேடம். ஒரு முறை, ஒரே ஒரு முறை என் எதிரில் அவர் வாயில் போட வேண்டும் என்று தோன்றிவிட்டது. சூடா இருக்கறப்பவே சாப்புடுங்க மாமா என்று சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான். வைம்மா என்றார். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வைம்மா என்றார். நல்ல பயிற்றில் பிடித்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். திடீரென்று சாப்பிட்டுவிட்டால்? அன்றைக்குப் பார்த்து நல்ல பயிறாக இருந்துவிட்டால்? அந்தத் தை போய், மாசி போய், பங்குனி வரைக்கும் வைத்தேன். கிண்ணம் காலையில் கவிழ்ந்திருந்தது. யார் கவிழ்த்தார் என்று எனக்குத் தெரியும்.

பெரிம்மாவிடம் மட்டுமாவது சாடையாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன், எதற்கு என்று கேட்டிருப்பார். அவர் மனம் கஷ்டப்படும் என்று சொல்லவில்லை.

பங்குனியில் அவர் கொட்டகையிலேயே விழுந்துவிட்டார். ராஜசேகர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனார். தினமும் என்ன சாப்பிடும் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இந்த முறை குடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை, காலம் முன்னேறித்தான் இருக்கிறது. பெரிம்மா பெருமையாகச் சொல்லியிருக்கிறார், எங்க வேணி புடிச்ச மல்லாட்டை உருண்டை என்று. ராஜசேகர் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்கென்று நான் நல்ல உருண்டை போட்டு வைத்திருந்த டப்பாவின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று, மாமாவின் கிண்ணத்திலிருந்து ஒன்று எடுத்துத் தனித்தனிப் பையில் போட்டுக்கொண்டு, நான் லீவில் இருந்த அன்று எங்கள் லேபில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் சரியாக எடுத்த முதல் சாம்பிள் அதுதான். கிண்ணத்திலிருந்து எடுத்ததில் மட்டும் கோடு விழுந்தது. அது எப்படி எரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்று காலையில் நீங்கள் வந்து, முனியம்மாள் இறந்துவிட்டார், இனி இது வேறு வழக்கு என்றீர்கள். நான் அழவில்லை என்று பக்கத்தில் இருந்த கான்ஸ்டபிள் அம்மாவுக்கு ஆச்சரியம். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். இதைக் கோர்ட்டில் படிப்பார்கள். மாமா கூண்டில் ஏறி நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும். யாரு செத்தா என்று இனிமேல் அவரால் யாரிடமும் கேட்க முடியாது. பெரிம்மா எனக்கு அந்த உதவியையும் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்னை அவ்வளவு நேசித்தார்.

நீங்கள் என்னைத் தேடி வந்ததற்கு முதல்நாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். வார்டில் நாலு பேர் இருந்தார்கள் என்று பழக்கத்தில் "முனியம்மா" என்றேன். அந்தக் குரலுக்கே அவர் கண்ணைத் திறந்தார். வயிறு அம்மாவுக்கு இருந்த மாதிரியே இருந்தது. என் கையைப் பிடித்து, தலையை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். எல்லாம் தெரிந்துபோய்விட்டது, கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கண்ணு, ரொம்ப நாளா ஒன்னு கேக்கணும்னு. நீ தப்பா நெனைச்சிக்குவியோன்னு வாயை மூடிக்கினே இருந்துட்டேன்."

"கேளு பெரிம்மா."

"இம்மா வருசமும் அவரு வாணாம்னு தள்ளினதைத்தான் துன்னேன். ஒரே ஒரு தபா, எனக்குன்னு ஒன்னு புடிச்சி, உன் கையால என் மடியில போடு கண்ணு."